ஹிட்ச்காக்கின் பிரிட்டிஷ் படங்களை எங்கே தொடங்குவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஹிட்ச்காக் அமெரிக்கா போவதற்கு முன் எடுத்த த்ரில்லர்களைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் வருட வரிசையில் போகாதே. 1927-இல் வந்த ‘த லாட்ஜர்’ அருமையான படம்தான், இருந்தாலும் மௌனப்படத்தின் நடைக்குக் கண் பழகியிருக்க வேண்டும். முதலில் 1935-இன் ‘த தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ பார். 86 நிமிடம், ஓரிடத்திலும் தொய்வு கிடையாது. பிணத்தைக் கண்ட பெண் அலற வாய் திறப்பாள். நமக்குக் கேட்பது ரயிலின் கூவல்.

ஒலியை இப்படிப் பிடித்து ஆட்டும் வித்தையை அவர் எங்கே கற்றார் என்று பார்க்க, அடுத்து 1929-க்குப் போ. ‘பிளாக்மெயில்’ மௌனமாக ஒன்று, பேசும்படமாக ஒன்று என இரண்டு பதிப்பாக வந்தது. பல தியேட்டர்களில் அப்போது ஒலிக்கருவியே இல்லை. இரண்டையும் பார், பேசும் பதிப்பை முதலில். கதாநாயகி ஆனி ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு லண்டன் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பிறகு குரல் சேர்க்கவும் வழியில்லை. எனவே ஜோன் பேரி கேமராவுக்கு வெளியே நின்று வசனம் பேச, ஓண்ட்ரா உதட்டை மட்டும் அசைத்தார். சில இடங்களில் குரல் ஒட்டாமல் தெரிந்தால் பிரதியைக் குறை சொல்லாதே. காலை உணவுக் காட்சியில் காதைத் தீட்டிக்கொள். பக்கத்து வீட்டுக்காரியின் வம்புப் பேச்சு மங்கி மங்கி, கடைசியில் ‘கத்தி’ என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்து குத்தும். குற்ற உணர்வை ஒலியால் காட்டியதற்கு இதைவிட நல்ல ஆரம்பகால உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தலைப்புக் குழப்பம் ஒன்று உண்டு. 1936-இன் ‘சபோடாஜ்’தான் ஜோசப் கான்ராடின் ‘த சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலிலிருந்து வந்தது. அதே வருடம் ‘சீக்ரெட் ஏஜென்ட்’ என்றே வந்த படம் எழுத்தாளர் சாமர்செட் மாமின் கதைகளிலிருந்து எடுத்தது. பெயர் ஒத்த ‘சபோட்டர்’ அவரே 1942-இல் எடுத்த அமெரிக்கப் படம். நீ பார்க்க வேண்டியது ‘சபோடாஜ்’. கதையை முன்கூட்டிப் படித்துவிடாதே, பேருந்துக் காட்சி பாழாகிவிடும்.

பிரதி விஷயத்தில் கறாராக இரு. பலமுறை நகலெடுத்த பிரதிகளில் நிழல்கள் வெறும் கறுப்பாகிவிடும், வசனம் இரைச்சலில் அமுங்கும். அவருடைய மௌனப்படங்கள் ஒன்பதை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2012-இல் புதுப்பித்தது; ‘லாட்ஜர்’ அதில் ஒன்று, அந்தப் பிரதியையே தேடு. பழைய படச்சட்டம் கிட்டத்தட்ட சதுரம். டிவி அதை அகலமாக இழுத்தால் முகங்கள் உப்பும், பெரிதாக்கினால் தலைகள் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடு. சப்டைட்டில் போட்டுக்கொள், அந்தக் கால ஒலிப்பதிவில் ஸ்காட்லாந்து உச்சரிப்பெல்லாம் எளிதில் பிடிபடாது.

‘த லேடி வேனிஷஸ்’ (1938) படத்தைக் கடைசியில் வைத்துக்கொள். ரயில் காட்சிகளில் பெரும்பாலானவை ஒரு சின்ன ஸ்டுடியோவில், ஒரே ஒரு பெட்டியை வைத்து எடுத்தவை. சுவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கவனி. ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ 1934-இல் ஒருமுறை, 1956-இல் மறுபடியும் என இருமுறை எடுத்தார். பழையதை முதலில் பார்த்துவிட்டு, லண்டன் ஆல்பர்ட் ஹால் இசையரங்கில் நடக்கும் காட்சி எதில் உன்னை அதிகம் பிடித்து உட்கார வைத்தது என்று எழுது. என் ஓட்டு பழையதற்கே.

அன்புடன்,
உன் நண்பன்