ஏஜென்ட் தேர்வு வகுப்பு பற்றி நம் மாணவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள மாணவர்களுக்கும், அவர்களை நம்பி அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். கோரிப்பாளையத்தில், கால்பந்து ஏஜென்ட் (வீரர்கள் சார்பில் கிளப்புகளோடு பேசி ஒப்பந்தம் முடிப்பவர்) ஆவதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வைக்கும் உரிமத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கும் நம் பயிற்சி மையத்திலிருந்து எழுதுகிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் எங்களைப் பற்றி ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "என்னண்ணே இது?" என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேச முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலில் சொல்லிவிடுகிறோம்.

ஆடியோவில் எங்கள் மேல் மூன்று நான்கு குறைகள் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம், சட்டம் எடுத்த மேடம் போனது, ஆன்லைன் தேர்வு எழுத நாங்கள் வாடகைக்குத் தரும் கேபின் என்று எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் எங்கள் மனதைக் குத்தியது ஒன்றுதான்: "ஃபிஃபா இணையதளத்தில் சும்மா கிடைக்கிற பிடிஎஃப்பை பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அதைக் காசுக்கு விக்கிறாங்க." இதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு ஃபிஃபா தரும் பாடக்கட்டு பிடிஎஃப் இலவசம்தான். முதல் நாள் வகுப்பில் நாங்கள் சொல்லும் முதல் தகவலே அது. எந்தப் பக்கத்தில் கிடைக்கும், அந்த வருடத் தேர்வுக்கானதுதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதை உங்கள் போனிலேயே இறக்கிக் காட்டுகிறோம். பைண்டிங் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் கீழே உள்ள ஜெராக்ஸ் கடையில் என்ன பில்லோ அதை வாங்கிக் கொடுக்கிறோம். வேண்டாம் என்றால் யாரையும் வற்புறுத்தியதில்லை. சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்ட் புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகச் சட்டக் கல்லூரி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏஜென்ட் விதிகள் ஒன்றுதான் என்று நினைத்து வருகிறார்கள். அதோடு வீரர்களின் நிலையும் கிளப் மாற்றமும் பற்றிய விதிகள், ஃபிஃபா சாசனம், ஒழுக்க நெறி, ஒழுங்கு நடவடிக்கை விதி, கால்பந்துத் தீர்ப்பாயத்தின் நடைமுறை, கிளியரிங் ஹவுஸ் (வீரரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பட்டுவாடா செய்யும் அமைப்பு) விதி, குழந்தைப் பாதுகாப்புக் கையேடு என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். எல்லாம் ஆங்கிலத்தில், வக்கீல் நடையில். தேர்வை எழுதக் கொடுத்திருக்கும் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடிவிட்டு, பகலில் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் எங்களிடம் வருகிற தம்பிக்கு ஆட்டம் தெரியும், ஆட்டக்காரர்களைத் தெரியும். அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரே வாக்கியத்தில் எங்கே விதி முடிந்து எங்கே விலக்கு தொடங்குகிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. நாங்கள் காசு வாங்குவது அதைத் தமிழில் உட்கார்ந்து பிரித்துச் சொல்வதற்கு.

ஒரு உதாரணம் சொல்கிறோம். பழைய மாணவர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும்.

ஒரு பையன் 14 வயது சீசனிலிருந்து 17 வயது சீசன் முடிய நம் பக்கத்துக் கிளப் ஒன்றில் பதிவாகி ஆடுகிறான். பின்னால் பெரிய வீரனாகி, கோவா கிளப்போடு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெளிநாட்டுக் கிளப் 1,00,000 டாலர் கொடுத்து அவனை எடுக்கிறது. அவனை வளர்த்துவிட்ட நம் ஊர்க் கிளப்புக்கு ஏதாவது வருமா? வரும். மாற்றத் தொகையில் 5 சதவீதம் சாலிடாரிட்டி தொகையாகப் பிடிக்கப்பட்டு, 12 முதல் 23 வயது வரை அவனுக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம். நம் கிளப்புக்கு 14, 15க்கு 0.25 வீதம், 16, 17க்கு 0.5 வீதம், ஆக 1.5 சதவீதம், 1,500 டாலர்.

சரி, அதே பையனைக் கோவா கிளப்பிடமிருந்து கொல்கத்தா கிளப் வாங்கினால்? இரண்டு கிளப்பும் இந்தியா, வளர்த்த கிளப்பும் இந்தியா. ஃபிஃபா விதிப்படி இந்தத் தொகை வராது. இடையில் இரண்டு வருடம் அவன் வேறொரு நாட்டுக் கிளப்பில் பதிவாகியிருந்தால், இதே கோவா–கொல்கத்தா மாற்றத்திலேயே அந்த வெளிநாட்டுக் கிளப்புக்குப் பங்கு உண்டு. கேள்வியில் ஒரே ஒரு ஊர்ப் பெயர் மாறினால் விடை தலைகீழாகிவிடும். 20 கேள்வி, 60 நிமிடம், தேற 75 சதவீதம். கேள்விக்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் எந்த விதிப்புத்தகம், எந்தப் பிரிவு என்று கை தானாகப் போக வேண்டும். புது விதிகளின் கீழ் 2023 ஏப்ரல் 19இல் நடந்த முதல் தேர்வு புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வுதான். அப்படியும் எழுதியவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறினார்கள். பிடிஎஃப் கையில் இருந்தால் போதும் என்றால் எல்லோரும் தேறியிருக்க வேண்டுமே.

சொந்தமாகப் படித்துத் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள். புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தினமும் உட்கார்ந்து படிக்கப் பொறுமையும் ஆங்கிலமும் இருக்கிறவர்களிடம், எங்களிடம் வரத் தேவையில்லை என்று நாங்களே சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம், பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வகுப்பை நாங்கள் தொடங்கியதற்கு ஒரு காரணமே நீங்கள்தான். 2015இல் ஃபிஃபா உரிமத் தேர்வை எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2023இல். இடைப்பட்ட காலத்தில் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் பயிற்சி மைதானத்து ஓரத்தில் நின்று, "நான் ஏஜென்ட், பையனை வெளிநாடு அனுப்புறேன்" என்று முன்பணம் கேட்டவர்களைப் பற்றி நீங்கள்தான் எங்களிடம் வந்து சொன்னீர்கள். இப்போதைய விதி என்ன சொல்கிறது தெரியுமா? அந்த நாட்டுச் சட்டப்படி முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயது வருவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால்வரை ஒரு சிறுவனையோ அவன் பெற்றோரையோ ஏஜென்ட் அணுகவே கூடாது. அணுகுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். சிறுவர்களுக்கென்று இருக்கும் தனிப் பயிற்சியையும் அந்த ஏஜென்ட் முடித்திருக்க வேண்டும். வீரரோடு ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியாது. உரிமம் தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. இதையெல்லாம் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் உரிமம் வாங்கி உட்கார்ந்தால், மைதானத்து ஓரத்தில் நிற்பவர்களுக்கு வேலை இருக்காது. இந்த எண்ணத்தோடு நடத்தும் வகுப்பைக் காகித வியாபாரம் என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

ஆடியோவில் இன்னொன்று: "நிறுத்தி வெச்ச விதியையும் சொல்லிக் குடுத்து நேரத்தை இழுக்கிறாங்க." ஏஜென்ட் கமிஷன் உச்சவரம்பைச் சொல்கிறார்கள். வீரரின் ஆண்டு ஊதியம் 2,00,000 டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம் என்பது விதி. ஜெர்மனியில் ஒரு நீதிமன்றத்தின் தடை உத்தரவைத் தொடர்ந்து 2023 டிசம்பர் 30 அன்று ஃபிஃபா இதையும் இதோடு சேர்ந்த சில விதிகளையும் உலகம் முழுக்க நிறுத்தி வைத்தது. எது நிறுத்தப்பட்டது, எது நிற்கவில்லை என்று பிரித்துத் தெரியாமல் ஏஜென்ட் வேலை செய்ய முடியாது. அந்தந்த வருடப் பாடக்கட்டில் இருப்பதை வைத்து எவ்வளவு நேரம் செலவிடுவது என்று முடிவு செய்கிறோம்.

கேபின் விஷயம். 2025 முதல் தேர்வு ஆன்லைன் என்றானதும், "வீட்டிலேயே எழுதலாமே" என்று கேட்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், அறையில் வேறு ஆள் வரக் கூடாது, நெட் போகக் கூடாது. இவை வீட்டில் உறுதி என்றால் கேபினே வேண்டாம். கூட்டுக்குடும்பமாக இருப்பவர்களுக்கும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேர்வு நாளில் வந்து விழுந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கும்தான் கேபின். யுபிஎஸ் பேட்டரி எல்லாம் மாற்றியிருக்கிறோம், இரண்டு நிறுவனத்தின் நெட் இணைப்பு வைத்திருக்கிறோம். தேர்வு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். இனியும் அப்படித்தான்.

சட்டம் எடுத்துக்கொண்டிருந்த மேடம் சண்டை போட்டுக்கொண்டு போனதாகச் சொல்வது பொய். உயர் நீதிமன்றக் கிளையில் முழு நேரமாக வழக்காடப் போயிருக்கிறார். எங்களுக்கு அதில் பெருமைதான். அவர் எடுத்த பாடங்களின் வீடியோ எல்லாம் அவர் சம்மதத்தோடு நம்மிடம் இருக்கிறது. புது ஆசிரியர் வரும்வரை ஞாயிறு நேரடி வகுப்புக்குப் பதில் அந்த வீடியோக்களும், சனிக்கிழமை சந்தேக வகுப்பும் இருக்கும். வாடகை, மின்கட்டணம் கூடியதால் அடுத்த பேட்ச் முதல் கட்டணம் 6,500 ரூபாயிலிருந்து 8,000 ஆகிறது, கேபின் வாடகை அதில் சேராது.

தேர்ச்சி பெற்ற பிறகு ஃபிஃபாவுக்குக் கட்ட வேண்டிய ஆண்டு உரிமக் கட்டணம் 600 டாலர் தனி. அதை நீங்களே நேரடியாக ஃபிஃபாவின் தளத்தில் கட்ட வேண்டும். நாங்கள் அதை வாங்குவதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

இந்த ஆடியோ வந்த அன்றே, நாங்கள் கேட்காமலேயே குழுவில் எங்களுக்காகப் பேசிய பழைய மாணவர்களை எப்போதும் நினைவில் வைத்திருப்போம். தேறியவர்கள் பேசியது ஒருபுறம் இருக்கட்டும். தேறாதவர்களும், "சொல்லிக் குடுத்ததுல குறை இல்லை, நான்தான் நேரத்தை விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தவறவிட்டவர்கள் மறுபடி வந்து உட்காரக் கட்டணம் கிடையாது. அது மாறவில்லை, மாறாது.

ஆடியோ போட்ட தம்பி யாரென்று நாங்கள் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் போவதில்லை. அவரும் வரலாம்.

அடுத்த மாதிரித் தேர்வு வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. வீரர் மாற்ற விதிகளிலிருந்து மட்டும் 20 கேள்விகள், 60 நிமிடம். லேப்டாப்பும் சார்ஜரும் கொண்டுவாருங்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், உங்கள் விடைகளை முதலில் பார்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
பயிற்சி மையத்தினர்,
கோரிப்பாளையம், மதுரை