தேன்மொழி போகிற வேலை

கொழிஞ்சாம்பாறை,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், மழை பிடித்துக்கொண்டது. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகி, ஏணியைத் தேடி, ஏறுகிற ஆளைத் தேடி, நாள் ஓடிவிட்டது. மழை பெய்ததில் வருத்தமில்லை. ஆழியாற்றுத் தண்ணீருக்கு வாய் பிளந்து நிற்கிற ஊர் இது, வானத்திலிருந்து வந்தால் வேண்டாம் என்போமா. அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? கங்கம்மா ஜாத்திரைக்குக் குப்பம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம் போய்விட்டது. வருகிற வைகாசியில் கட்டாயம் வருவேன்.

உன் மகள் தேன்மொழிக்குத் தெற்கு சூடானில் வேலை கிடைத்த செய்தியை மூன்று தடவை படித்தேன். நீயும் நானும் மடித்த தாவணியோடு ஹோம் சயின்ஸ் லேபில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தது நேற்றுப் போல இருக்கிறது. ‘ஊட்டச்சத்து சர்வே என்கிறாள், நிபுணர் குழு என்கிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீ இருபது வருஷம் இதே வேலையாக அலைந்தவள், சொல்லு’ என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

நீ அங்கன்வாடியில் முப்பது வருஷம் செய்ததைத்தான் அவளும் செய்யப் போகிறாள். எடை, உயரம், மேல்கையில் எடுக்கிற கைச்சுற்றளவு. ஆனால் உன் மையத்துக் குழந்தைகள் எல்லாரையும் உனக்குப் பேர் சொல்லித் தெரியும். அங்கே சண்டையிலும் வெள்ளத்திலும் ஊர் ஊராகக் கிளம்பிப் போயிருப்பார்கள். எல்லாக் குழந்தைகளையும் அளக்க ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. அதனால் ஊர்களுக்குச் சீட்டுப் போட்டு முப்பது நாற்பதைப் பொறுக்குவார்கள். அதற்குக் கிளஸ்டர் என்று பேர். அந்த ஊரில் வீடுகளுக்கு மறுபடி சீட்டு. சீட்டு விழுந்த வீட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரை உள்ள குழந்தைகளை அளப்பார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் மெலிந்துபோயிருக்கிறார்கள் என்று கடைசியில் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் லாரி எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்வார்கள். 15-ஐத் தொட்டால் நிலைமை மிக மோசம். 30-ஐத் தொட்டு, ஐந்தில் ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட எதுவுமே இல்லாமல், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு பேராவது சாகிற நிலை வந்தால்தான் பஞ்சம் என்ற சொல்லையே எடுப்பார்கள். 2011 ஜூலையில் தெற்கு சோமாலியாவில் எடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் தேன்மொழி போகிற அதே நாட்டில், யூனிட்டி மாநிலத்தில்.

முன்னெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்தது. ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது. 2002-இல்தான் ஸ்மார்ட் என்ற முறையை உருவாக்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அளக்கணும், ஒரே மாதிரி சரிபார்க்கணும். அதைச் சொல்லிக் கொடுக்கவும், கணக்கில் கோளாறு தெரிந்தால் பிடிக்கவும்தான் நிபுணர் என்று ஒருவரை அனுப்புகிறார்கள். பெயர்தான் பெரிசு கௌரி. என் வேலை பெரும்பாலும் வெயிலில் மண்டியிட்டு, அடுத்தவர் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது.

பலகையில் ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதைச் சொல்கிறேன். நிற்க முடியாத சின்னதுகளைப் படுக்கவைத்துத்தான் நீளம் எடுக்கணும். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் காதை மூடினாற்போலத் தலையைப் பிடித்து, உச்சி பலகையில் முட்டும்படி வைக்கணும். இன்னொருவர் ஒரு கையால் முழங்காலை மெல்ல அழுத்தி, மறு கையால் நகரும் கட்டையைப் பாதத்தில் பொருத்தணும். குழந்தை வீறிடும், காலை மடக்கும், மூத்திரம் அடிக்கும். அம்மா கண் கலங்கி நிற்பாள். அந்த நேரத்தில் அளக்கிறவள் ‘போதும்’ என்று, மடங்கின காலை நீட்டாமலே கட்டையைப் பாதத்தில் பொருத்திவிட்டால் நீளம் குறையும். நீளம் குறைந்தால், அதே எடையுள்ள குழந்தை கணக்கில் கொழுகொழுவென்று ஆகிவிடும். மெலிந்த குழந்தை ஒன்று அங்கேயே காணாமல் போகிறது. இதைத்தான் தேன்மொழி முதலில் மனதில் வாங்கிக்கொள்ளணும்.

அதனால்தான் சர்வேக்கு முன்னால் ஒரு சோதனை வைப்போம். பத்துக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, அளக்கிற ஒவ்வொருவரும் எல்லாரையும் இரண்டு தடவை அளக்கணும். இரண்டாம் தடவை அளக்கும்போது முதல் காகிதம் கையில் இருக்கக் கூடாது. தன் அளவுக்கும் தன் அளவுக்குமே எவ்வளவு இடைவெளி என்று அப்போது தெரிந்துவிடும். படித்துப் பட்டம் வாங்கினவர்கள் தடுமாறி, பத்தாவது படித்த ஒரு தாதிப் பெண் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணைத்தான் அந்தத் தடவை குழுத்தலைவி ஆக்கினேன். மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

சாயங்காலம் எண்களைக் கணினியில் ஏற்றினால் இன்னொன்று தெரியும். உயரம் 74.0, 81.5, 79.0, 86.5 என்று முழுக்கப் பூஜ்யத்திலும் ஐந்திலுமே முடிந்திருக்கும். குழந்தைகள் அப்படி வளர்வதில்லை. பசியும் வெயிலுமாய், கடைசிப் புள்ளியைக் கண் மதிப்பில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது திட்டக் கூடாது. மறுநாள் காலையில் அவர்களோடு வண்டியில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்தக் கோட்டைப் படி, சத்தமாகப் படி, நான் திருப்பிச் சொல்கிறேன்’ என்று ஆரம்பிக்கணும். மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

வயதுதான் பெரிய பாடு. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டால் ‘கொங்கன்படைத் திருவிழாவுக்கு முந்தின மாசம்’ என்பார்கள் இல்லையா, அதே மாதிரி அங்கேயும் ஊர்த்திருவிழா, பெருவெள்ளம், அறுவடை, ராணுவம் வந்த நாள் என்று ஒரு காலண்டரை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து தயாரிக்கணும். அந்தக் காலண்டர் வெளியிலிருந்து போகிற நிபுணருக்கு ஒருநாளும் வராது. உள்ளூர் ஆளின் மடியில்தான் இருக்கிறது. இதை அவளிடம் இரண்டு தடவை சொல்லு.

இப்போது சொல்லப் போவதை உன்னிடம் கூட இத்தனை வருஷம் சொன்னதில்லை. என் ஆரம்ப காலத்தில் ஒரு நாட்டில், பெயர் வேண்டாம், சீட்டு விழுந்த ஊர்களில் மூன்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்தன. போக ஒரு நாள், வர ஒரு நாள். குழு அந்த மூன்றையும் விட்டுவிட்டு ரோட்டோரத்தில் இருந்த மூன்று ஊர்களை அளந்து வந்தது. ஊர் போய்ச் சேர முடியாமல் போனால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது. மாற்று ஊர்களை முதலிலேயே சீட்டில் எடுத்து வைத்திருப்போம். பத்தில் ஒரு பங்கு ஊராவது தவறினால் மட்டும் அவற்றைத் தொடணும். நம் வசதிக்கு ரோட்டோரத்தைப் பிடிக்க விதி கிடையாது. எனக்குத் தெரியும். டீசல் தீர்ந்தது, மழை வருகிறது, அறிக்கை கேட்கிறார்கள் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். எண் கொஞ்சம் ஆறுதலாகவே வந்தது. அந்த மாவட்டம் வரிசையில் பின்னால் போனது. இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக ஆற்றைக் கடந்து போனபோது, ஒரு பாட்டி தன் பேரன் காலை என் முன்னால் நீட்டினாள். கட்டை விரலால் அழுத்தி மூன்று எண்ணி எடுத்தேன். இரண்டு பாதத்திலும் குழி அப்படியே நின்றது. பலகையும் தராசும் இல்லாமலே கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று தெரிகிற அறிகுறி அது. அந்தக் குழந்தையை வண்டியில் தூக்கிக்கொண்டு வந்து சிகிச்சையில் சேர்த்தோம், பிழைத்தான். அந்தக் கரையில் நான் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. அதற்கப்புறம் ஒரு ஊரையும் நான் மாற்ற விட்டதில்லை.

இன்னொரு கேள்வித்தாள் உண்டு, சாவைப் பற்றியது. ‘போன திருவிழா அன்றைக்கு இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்’ என்று தொடங்கும். ஒரு தாய் விரல் விட்டு எண்ணினாள். ஆறு வரை வந்து, ஒரு விரலை மடக்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்து, மறுபடி நிமிர்த்தி ஆறு என்றாள். அன்றைக்கு ஆறு பேர்தானே இருந்தார்கள். அடுத்த கேள்வியை நான் உடனே கேட்கவில்லை. தேன்மொழி அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைக்கப் பழகணும். பயிற்சிப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

அப்புறம், அளந்துவிட்டு மட்டும் வரக் கூடாது. கைச்சுற்றளவு நாடாவில் சிவப்பு, அதாவது 115 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால், அன்றைக்கே அந்தக் குழந்தைக்குச் சீட்டு எழுதி சிகிச்சை மையத்துக்கு அனுப்பணும். அங்கே கொடுக்கிற சத்துப் பசை வேறொன்றும் இல்லை, நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், அதில் விட்டமின்களும் தாதுக்களும். உங்கள் ஊர்க் கடலைக்காட்டு வாசம் அதில் வரும். பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைப்பேன்.

நாடா என்றதும் காஸா ஞாபகம் வருகிறது. 2025 ஆகஸ்டில் அங்கே பஞ்சம் என்று உறுதிசெய்தபோது, பலகையும் தராசும் வைத்து வீடு வீடாக அளக்க வழியில்லாத இடம் என்பதால், கைச்சுற்றளவைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது. தேன்மொழியின் தலைமுறை நிபுணர்கள் இனி பாதி வேலையை எங்கேயோ ஓர் அறையில் இருந்து, மற்றவர் அனுப்பும் எண்ணைப் பார்த்துத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. அதற்காகவே முதலில் கொஞ்ச வருஷம் அவள் பலகை பக்கத்தில் இருக்கணும் என்கிறேன். 79.0 என்ற எண்ணைப் பார்த்ததும் குழந்தை காலை உதைத்தது மனசில் தெரியணும்.

தூரதேசம் மட்டும் இல்லை. 2013-இல் நம் பாலக்காட்டு அட்டப்பாடியில் பச்சைக் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததும் அளக்கிறவர்கள் நிறைய பேர் மலையேறினார்கள். சமூக சமையல்கூடங்கள் வந்தன, அது நல்ல காரியம். போன மாதம் அகளிக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி டீச்சர்களுக்குப் பலகை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். இருளர் மூதாட்டி ஒருத்தி, ‘எம் மகளையும் அளந்தாங்க, பேத்தியையும் அளக்கறீங்க, அளந்தது என்னாச்சுன்னு யாரும் வந்து சொன்னதில்லயே சாமி’ என்றாள். அவள் கேட்டது நியாயம். சர்வே முடிந்ததும் எண்ணை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஊருக்கே போய் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வரணும். தலைநகரத்து மீட்டிங் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பாதி இடங்களில்தான் செய்தேன்.

சரி, நீ பயந்து அவளைத் தடுத்துவிடாதே. போகட்டும். மலேரியா மாத்திரை, கொசுவலை, நல்ல செருப்பு, இதெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். கிளம்புவதற்கு முன்னால் நாலு நாள் இங்கே அனுப்பிவை. குப்பத்தில் ராத்திரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினால் கோயம்புத்தூரில் இறங்கலாம், உக்கடத்தில் வேலந்தாவளம் பஸ் நிற்கும், அங்கே வந்து கூட்டிக்கொள்கிறேன். பரணிலிருந்து என் பழைய பலகையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், ஆணி ஒன்று மட்டும் ஆடுகிறது, ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பேரன் பேத்திகள் ஏழு பேர் தயார். இன்னும் மூன்று பேரைத் தேடிவிட்டால் பத்து ஆகிவிடும்.

அவள் பையில் இரண்டு கிலோ பச்சைக் கடலை போட்டு அனுப்பு.

அன்புடன்,
சாந்தா