வேறு வழி இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர்களின் ஆலோசகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்துகிறது. ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான ‘கேட்காதே, சொல்லாதே’ கொள்கையை (மேலதிகாரி கேட்கக் கூடாது, பணியில் இருப்பவரும் சொல்லக் கூடாது, சொன்னால் நீக்கம்) வகுத்தவர்களுக்கு 1993இல் வேறு வழி இருக்கவில்லையாம். போகிற போக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். தாங்களும் அனுமதித்துவிட்டீர்கள்.

வேறு வழியைத் தேடிக் கண்டுபிடித்ததே அரசின் செலவில்தான். பாதுகாப்புச் செயலர் லெஸ் ஆஸ்பின் அந்த ஏப்ரலில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் அறிக்கை கேட்டார். கனடா, இஸ்ரேல், நெதர்லாந்து உட்பட ஏழு நாடுகளின் ராணுவங்களையும், அமெரிக்க நகரங்களின் போலீஸ், தீயணைப்புத் துறைகளையும் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன முடிவு தெளிவானது: யார் பணியாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கப் பாலீர்ப்பு தேவையில்லை, நடத்தைக்கு எல்லோருக்கும் ஒரே விதி போதும். இன்னொரு பக்கம், தளபதிகள் மட்டுமே இருந்த குழு ஜூலை 1 தேதியிட்டு, தன்பாலீர்ப்பு படைப்பணிக்கு ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்தது. ஜூலை 19 அன்று அதிபர் கிளின்டன் அறிவித்த கொள்கையில் இருந்தது இந்தக் குழுவின் குரல். ராண்ட் அறிக்கை ஆகஸ்டில்தான் வெளியே வந்தது.

செனட்டில் சாம் நன்னும், முப்படைக் கூட்டுத் தலைவர் காலின் பவலும் தடை நீக்கத்தை எதிர்த்தார்கள், நாடாளுமன்றத்தில் போதிய வாக்கு இல்லை என்பதெல்லாம் உண்மை. அதற்காக ஆலோசகர் எல்லோரும் கைகட்டி நின்றார்கள் என்பது பொய். கிளின்டனின் நீண்டநாள் நண்பரும் ஆலோசகருமான டேவிட் மிக்ஸ்னர் அதே ஜூலை 30 அன்று வெள்ளை மாளிகை வாசலில் போராடிக் கைதானார்.

கட்டுரை அந்தக் கொள்கையை ‘கிளின்டனின் ஆணை’ என்கிறது. அதுவும் தவறு. அதுவரை தன்பாலீர்ப்பாளர்கள் படையில் இருப்பதற்கான தடை பாதுகாப்புத் துறையின் விதியாக இருந்தது. நினைத்தால் ஒரு கையெழுத்தில் நீக்கியிருக்கலாம். 1993 நவம்பர் 30 அன்று அது சட்டமானது. பிறகு எந்த அதிபரும் தனியாகத் தொட முடியவில்லை. நீக்கும் சட்டம் 2010 டிசம்பர் 22 அன்று கையெழுத்தாகி, 2011 செப்டம்பர் 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் வெளியேற்றப்பட்டவர்கள் 13,000க்கும் மேல். 2003 வரை போன 9,488 பேருக்கு மாற்று ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்த செலவு மட்டும் ஏறத்தாழ 19 கோடி டாலர் என்று அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குப் போட்டது. அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் அரபி, பாரசீகம், கொரியம் போன்ற மொழிகள் தெரிந்தவர்கள். காலமும் மனப்போக்கும் மாறிவிட்டதாகச் சொல்லி 2010இல் பவல் தடை நீக்கத்தை ஆதரித்தார். ராண்டின் முடிவு 1993இலேயே கையில் இருந்ததே! அதை ஒதுக்கிவைத்ததற்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றையும் பலமுறை சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். ‘ஓரினச் சேர்க்கைக்காக நீக்கப்பட்டவர்கள்’ என்றே எப்போதும் எழுதுகிறீர்கள். ஒருவரைப் படையிலிருந்து நீக்க அந்தச் சட்டம் மூன்று காரணங்களைச் சொன்னது: செயல், சொல், தன்பாலினத் திருமணம். பெரும்பாலோர் போனது சொல்லுக்காக. ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று சொன்னதற்காக, அல்லது சொன்னதாக இன்னொருவர் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னதற்காக. தங்கள் சொல்லைப் படிக்கிறவர் மனதில் வேறு படமல்லவா விழும்?

இப்படி வெளியேற்றப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் மிச்சமிருக்கும் சிக்கலையும் சொல்கிறேன். படையை விட்டு வரும்போது தரும் தாள் டிடி 214. அதில் 24ஆம் கட்டம் பணியின் தரம், 26 நீக்கக் குறியீடு, 27 மறுபடி சேரலாமா என்பது, 28 காரணம். அந்த 28இல் ‘ஓரினச் சேர்க்கையை ஒப்புக்கொண்டார்’ என்ற பொருளில் அச்சடித்திருக்கும். வேலை கொடுப்பவர் கேட்பது பெரும்பாலும் காரணம் தெரியும் நான்காம் பிரதியைத்தான். 24இல் ‘கண்ணியமான விடுவிப்பு’ என்று இருந்தாலும் 28 காட்டிக்கொடுத்துவிடும். அதை ‘செயலரின் அதிகாரப்படி’ என்று, காரணம் தெரியாத பொதுச் சொல்லாகத் திருத்தலாம். ஆனால் வழக்கமான வழியில் அதற்கு மனு போட வேண்டும். விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு 293ஆம் படிவம், கெடு 15 ஆண்டு. 1994இல் வெளியேற்றப்பட்டவருக்கு அந்தக் கெடு 2009இலேயே முடிந்தது. சட்டம் நீங்குவதற்கு முன்பே! அவருக்கு மிஞ்சுவது பதிவுத் திருத்த வாரியத்தின் 149ஆம் படிவம். அதற்குக் கெடு தவறு தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. நீதியின் பொருட்டு விலக்குக் கேட்டு, தாமதத்துக்குக் காரணமும் எழுத வேண்டும். கூடவே, வேறு குற்றம் எதுவும் இல்லை என்று காட்டப் பணிக் கோப்பு வேண்டும். 180ஆம் படிவத்தில் எழுதிக் கேட்டால் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து வரும். அது வருமுன் அவசரப்பட்டு மனுவை அனுப்புகிறவர்களுக்குத்தான் சிரமம் அதிகம்.

ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட இப்படி ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கவில்லை.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, ஓரமாக ஒரு சிறு பெட்டியில் இந்தப் படிவ எண்களைப் போட்டால் போதும். அமெரிக்காவிலும் தங்கள் வாசகர்கள் உண்டு. எண்களை மட்டும் சரிபார்த்து அச்சிடுங்கள். 15 ஆண்டு கடந்தவர் 149க்குப் பதில் 293ஐ அனுப்பினால் மனு திரும்பி வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி