பவர் டில்லருக்கு விமானப் பக்குவம்

ஆசிரியருக்கு,

விமானப்படையிலோ அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலோ மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் குடும்பத்தோடு நிலம் பார்ப்பவர்கள் வேலூர்ப் பக்கம் உண்டு. அவர்களுடைய கைப்பழக்கம் மற்ற விவசாயிகளுக்கும் பயன்பட வேண்டும்.

பவர் டில்லரில் அதிர்வால் போல்ட் தளர்வதுதான் பெரிய தொல்லை. விமானத்தில் தலையில் துளையுள்ள போல்ட்டுகளை 0.8 மி.மீ. கம்பியால், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு வீதம் பூட்டுவார்கள். கம்பி போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். திசை மாறினால் கட்டியதே வீண். கழற்றிய கம்பியை மறுபடி போடக் கூடாது. டில்லருக்கு உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போதும். ஆனால் கழற்றிக் கழற்றி மாட்டினால் அதுவும் பிடிக்காது, புதிது வாங்குங்கள் (பத்து ரூபாய்க்கு யோசிப்பவர்கள்தான் அதிகம்!).

டீசல் டேங்கைப் பாதி காலியாக இரவில் விட்டால், உள்ளே ஈரம் வியர்த்து நீராக அடியில் தங்கும். பம்ப்பும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். மாலையிலேயே நிரப்பிவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால், நீர் கீழே தனியாகத் தெரியும்.

வேலை முடிந்ததும், எதுவும் உள்ளே விழுந்து கிடக்கக் கூடாது என்று ஸ்பேனர்களை எண்ணுவதும் விமான மெக்கானிக்குகளின் வழக்கம். ஒன்று குறைந்தாலும் விமானம் கிளம்பாது. நெல் அடிக்கும் எந்திரத்துக்கும் இது பொருந்தும்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் இவர்களை அழைத்து, பருவத்துக்கு ஒரு பயிற்சி நடத்தலாமே?

- வாசகர், குடியாத்தம்