வள்ளலாருக்கு இன்னும் அரைப்பக்கம் கொடுங்கள்

தமிழ்ப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், கண்காட்சிகளில் நடுவர்களாக வரும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கண்காட்சியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சார்ட் கழற்றப்பட்டது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தலைப்பு ‘வள்ளலார் காலத்து உலகம்’. இடப்பக்கம் 1823 முதல் 1874 வரை அவருடைய வாழ்க்கை. வலப்பக்கம் அதே ஆண்டுகளில் நாட்டிலும் உலகத்திலும் நடந்தவை. தமிழ் மேசையில் இருந்த நடுவர், “இது வரலாறு, இங்கே எதற்கு?” என்றார். பிள்ளைகள் அதைச் சமூக அறிவியல் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே, “வள்ளலார் என்றால் தமிழ்தானே, அங்கேயே போங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மாலை வரைக்கும் சுருட்டிய சார்ட்டைப் பிடித்தபடி வராந்தாவில் நின்றார்கள். பரிசு கிடைக்காதது எங்களுக்குக் குறையே இல்லை. ஒரு கவிஞரை அவர் வாழ்ந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்த பிள்ளைகளுக்கு எந்த மேசையிலும் இடமில்லை என்று சொன்னீர்களே, அதுதான் வலிக்கிறது.

அந்தச் சார்ட்டில் 1854ஆம் ஆண்டுக்கான வரிசையை எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அந்த ஆண்டுதான் வள்ளலாரின் ‘மனுமுறை கண்ட வாசகம்’ அச்சில் வந்தது. மகன் தேரை ஓட்டிக் கன்றைக் கொன்றுவிட்டான் என்று கேட்ட சோழன், தான் என்ன பாவம் செய்தேனோ என்று புலம்புகிறான். அந்த நீண்ட பட்டியலில் “குடிவரி உயர்த்திக் கொள்ளை கொண்டேனோ, ஏழைகள் வயிறு எரியச் செய்தேனோ” என்றும் வருகிறது. வலப்பக்கம் அவள் எழுதியது இது: அதே 1854இல், சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், விசாரணைக் குழு போடப்பட்டது. சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் தொடங்கிய சென்னைவாசிகள் சங்கத்தாரும் விடாமல் மனுப் போட்டதும் அதற்கு ஒரு காரணம். 1855இல் வந்த அறிக்கை, புகார் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. கிட்டி என்ற இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்கியிருக்கிறார்கள். அண்ணாந்தாள் என்று ஒரு தண்டனை. ஆளைக் குனியவைத்து, கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி, வெயிலில் நிறுத்திவிடுவார்கள். அதையெல்லாம் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: “டீச்சர், இவர் சொல்வது சோழன் வாங்கிய வரியா, கம்பெனி வாங்கிய வரியா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியை நினைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் எதுவும் என் கையில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற மாணவி எந்த வகுப்புக்கும் பெருமை. நம் பாடநூலில் நூல்வெளி என்று வரும் ஆசிரியர், நூல் குறிப்பை மட்டும் படித்திருந்தால் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியே இருக்காது.

‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்பதையும் இப்படித்தான் நடத்துகிறோம். கருணை உள்ளம், உயிரிரக்கம், அடுத்த பாடம். அதற்கு அடுத்த அடிகளில் “வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த வெற்றரை” அவர் பார்க்கிறார். வீடு வீடாகப் போய்க் கேட்டும் பசி தீராத மனிதர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் எத்தனை இடங்களில் அப்படி அலைந்தார்கள் தெரியுமா? 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் அங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. 1866இல் ஒரிசாவில் இன்னுமொரு பத்து லட்சம். வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று அதிகாரிகள் காத்திருந்தார்கள். கடைசியில் அரிசி வரவழைக்க முடிவெடுத்தபோது மழைக்காலம் வந்துவிட்டது, கப்பல்கள் கரை சேர முடியவில்லை. நம் சென்னை மாகாணத்திலும் அந்த ஆண்டு, அப்போது அதில் இருந்த கஞ்சாம், பல்லாரி மாவட்டங்கள் தவித்தன. மறு ஆண்டு, 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் அடுப்பு மூட்டினார். இன்றுவரை அது அணையவில்லை. அந்த அடுப்பு எப்படிப்பட்ட காலத்தில் எரியத் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? ‘கருணையிலா ஆட்சி கடுகி ஒழிக’ என்று பாடியவரை வெறும் சாதுவாக மட்டும் நிறுத்துவது அவருக்குச் செய்யும் நியாயமா?

நாங்கள் கேட்பது அரைப்பக்கம். கவிஞர் அறிமுகத்துக்குக் கீழே, அவர் வாழ்ந்த காலத்தில் உலகில் நடந்த ஏழெட்டு நிகழ்ச்சிகள், ஆண்டோடு. அவ்வளவுதான். வள்ளலார் சென்னை ஏழுகிணற்றில் இருந்தபோதுதான், 1856இல், கொஞ்ச தூரத்திலிருந்த ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அவர் சென்னையை விட்டுக் கிளம்பிய 1858இல்தான் கம்பெனி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வந்தது. அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர், சூயஸ் கால்வாய், பாரிஸ் கம்யூன். எல்லாம் அவருடைய ஐம்பது ஆண்டுகளுக்குள்.

மற்ற கவிஞர்களுக்கும் இதே அரைப்பக்கம் வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்த 1815 ஏப்ரலில்தான் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொட்டிப் பசியாற்றினார். அந்தப் பஞ்சத்தைச் சொல்லாமல் அவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

இதையெல்லாம் கேட்டால் மதிப்பெண் திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். பிறந்த ஊர் மருதூர், பெற்றோர் இராமையா, சின்னம்மை. ஒரு மதிப்பெண், சரி. ஆண்டுக்கு ஆண்டு அதே கேள்வி. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தமிழ் என்றால் செய்யுளும் இலக்கணமும் மட்டும், வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும் மட்டும் என்று வேலி போட்டது யார்? அந்த வேலியால்தான் தமிழ்ப்பாடம் வறண்டுபோனது என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறோம். வேலியைத் தாண்டி வந்த பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைத்ததும் நாம்தான்.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடநூல் திருத்தத்தில் அந்த அரைப்பக்கத்தைச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு முன்பே, இத்தகைய படைப்புகளைத் தமிழ்ப் பிரிவில் ஏற்கலாம் என்று நடுவர்களுக்கு ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பினாலும் போதும். அந்த மாணவிகள் இந்த ஆண்டும் எழுதத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருத்தி