நன்றி மடல்: இம்முறை பிள்ளைகள் எழுதவில்லை

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் எங்கள் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளின் கையெழுத்தில் உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் வரும். கோடு போட்ட தாள், மேலே ஒரு சிலுவை, ஓரத்தில் கலர் பென்சில் பூ. "நீங்கள் செய்த உதவிக்கு மிக்க நன்றி. இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக." இருபத்திமூன்று பிள்ளைகள், இருபத்திமூன்று கடிதங்கள், ஒரே வசனம். அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். ஓய்வு பெற்ற ரீச்சருக்குக் கரும்பலகையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

இம்முறை கடிதம் வரவில்லையே, பிள்ளைகளுக்கு ஏதும் சுகமில்லையோ என்று கனடாவிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார். பிள்ளைகள் நல்ல சுகம். போன மார்கழி நத்தார் ஒளிவிழாவில் நடந்த ஒரு சின்ன விசயம்தான் காரணம்.

எங்களிடம் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறாள். குரல் வடிவான குரல், மேடைப் பயம் இல்லை. அதனால் மூன்று வருடமாக நன்றியுரை அவளுடைய தலையில். அன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு இறங்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு குசினியில் நான் தோலகட்டி நெல்லிரசத்தைத் தண்ணீரில் கலந்துகொண்டு நிற்க, பக்கத்தில் வந்து கேட்டாள்: "ரீச்சர், நான் இன்னும் எத்தினை தரம் நன்றி சொல்லவேணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. இன்னும் எத்தனை கணக்கு மிச்சம் என்று கேட்பதுபோலக் கேட்டாள். "இனிக் காணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இந்த மடல். காசை வாங்குவது நாங்கள், கணக்கு எழுதுவது நாங்கள், நன்றி மட்டும் பிள்ளைகள் சொல்வதோ? குழுவில் இரண்டு கூட்டம் இதைப் பற்றிக் கதைத்தோம். கடைசியில் சுவாமியும் ஒத்துக்கொண்டார்.

முதலில் 2022இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன்பே காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் எண்ணெய் கிடைக்காத மாதங்கள். ரவுணில் இருக்கிறவர்களுக்கு அது அடுப்புக் கவலை. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளில் சின்ன வள்ளத்தில் இஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அன்றைய சோறே அதுதான்.

அந்த நாட்களில் ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார். புருசன் நோயில் இறந்து இரண்டு வருடம். தமையனின் வள்ளத்தில் வருகிற பங்குதான் வீட்டுக்கு வருமானம், வள்ளமோ கரையில். ஒரு கடைப் பைக்குள் பிள்ளைகளின் உடுப்பு, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார். "இதுகளை வைச்சிருங்கோ சிஸ்டர். இஞ்சை எண்டால் இதுகளுக்கு மூண்டு நேரமும் சாப்பாடு கிடைக்கும்" என்றார். சின்னவள் அந்தப் பையின் காதை விடவே இல்லை.

சிஸ்டர் மூன்று பேருக்கும் சாப்பாடு கொடுத்துப் பின்னேரம் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தது. கேட்டு வந்தவர்களைத் திருப்பி விடுவதோ என்று சண்டைக்கே போனேன். சிஸ்டர் சொன்னார்: "இஞ்சை ஒரு பிள்ளைக்கு மாசம் என்ன முடியுது எண்டு உங்கடை கணக்கையே பாருங்கோ ரீச்சர். அதிலை பாதியை அந்தத் தாயின்ரை கையிலை குடுத்தால், அவ பிள்ளையளை விட்டிட்டுப் போவாவோ?"

கணக்குக் கொப்பியை விரித்துப் பார்த்தேன். பிறகு நான் வாய் திறக்கவில்லை.

ஊரில் இன்றும் எங்களை அநாதை இல்லம் என்றுதான் சொல்கிறார்கள். போர்க்காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் அந்தச் சொல் பொருந்தியிருக்கலாம். இன்றைக்கு இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் இருபத்திமூன்று பேரில் இருவரையும் இழந்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்களில் ஒருத்தியின் அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார், இன்னொருத்தியின் அப்பா விட்டுப் போய்விட்டார், வேறொரு வீட்டு வாசலில் கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரர் வந்து நிற்கிறார். இதை வெளியில் எழுதினால் காசு வராது, 'அநாதை' என்றால்தான் சனம் கை நீட்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது அவருடைய அனுபவம், பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா இருக்கிற பிள்ளையை அநாதை என்று அச்சடித்து உங்களுக்கு அனுப்ப எனக்கு இனி மனம் வராது.

வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு உதவுவதில் ஒரு கரைச்சல் உண்டு. அதைப் படம் எடுக்க முடியாது. இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுத்தால் வரிசையாக இருத்திப் படம் எடுக்கலாம். ஒரு தாய் மாதக் கடைசியில் கடைக்கடன் கட்டுவதை எப்படி எடுப்பது?

அதனால் என் முதல் நன்றி, கனடா ஸ்காபரோவில் இருக்கிற அந்தப் பதினொரு பழைய வகுப்புத் தோழிகளுக்கு. மூன்று வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மாதமும் அவர்களுடைய காசு வருகிறது. ஒரு பிள்ளையின் பெயரும் கேட்டதில்லை, ஒரு படமும் கேட்டதில்லை. போன வருடம் ஒருவர் மட்டும், "ரீச்சர், உங்கடை முழங்கால் இப்ப எப்படி?" என்று கேட்டார். நோகுது தங்கச்சி, ஆனால் நடக்கிறேன்.

அந்தக் காசில்தான் விறாந்தையில் வந்திருந்த தாய்க்கு ஒரு பெரிய தாச்சி, இடியப்ப உரல் இரண்டு, தட்டுகள், முதல் மூன்று மாத அரிசிமா. இன்றைக்குப் பின்னேரங்களில் இரண்டு கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். மாரியில் விறகு ஈரம், புகைதான் வரும். சில நாள் மா பதம் தவறிவிடும், கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு எங்கள் இல்லத்தில் இரவுச் சாப்பாடு இடியப்பம். வசதியான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இரண்டும் அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள்.

இப்படி வீடு தேடிப் போவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவர் தோழர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் வின்சென்ட் தே போல் சபை. ஏழைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தாமல், அவர்களே ஏழைகளின் வீட்டுப் படியேறினார்கள். எங்கள் கோயில் பங்கிலும் அந்தச் சபை இருக்கிறது. கிழமைக்கு ஒருக்கால் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளில் போவார்கள். அதில் 'இளைஞர்' என்று நாங்கள் பகிடி பண்ணுகிறவருக்கு அறுபத்திநாலு வயது. கொண்டுபோவது ஒரு பை சாமான். கொண்டுவருவது அதைவிடப் பெறுமதி: இன்ன வீட்டுக் கூரை ஒழுகுது, இன்ன பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, சப்பாத்து இல்லாமல் அல்ல, கைக்குழந்தைத் தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல். அறையில் இருந்து கணக்கு எழுதுகிற எனக்கு இது எங்கே தெரியப்போகிறது? அண்ணைமாரே, உங்களுடைய சைக்கிள் ரியூப் செலவை இந்த வருடமாவது எழுதித் தாருங்கள்.

சப்பாத்து என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ரவுணில் சப்பாத்துக்கடை வைத்திருக்கிற ஒரு நானா. பள்ளிக்கூடத் தவணை தொடங்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், "காசைப் பிறகு பாப்பம், முதல்ல கால் அளவு பாப்பம்" என்பார். போன முறை நான் மிச்சக் கடனைக் கொண்டுபோக, கொப்பியில் எங்கள் பக்கத்துக்குக் குறுக்கே கோடு கிழித்துக் காட்டினார். 1990 ஐப்பசியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொல்லப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். அன்றைக்கு இந்த ஊரில் இருந்த நாங்கள் வாய் மூடி நின்றோம். அவருக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி மதியச் சாப்பாட்டுக்காரர்களுக்கு. பிறந்தநாள், திருமண நாள், ஆண்டு நினைவு என்று நீங்கள் தருகிற ஒவ்வொரு சாப்பாடும் எங்கள் அரிசிச் செலவைக் குறைக்கிறது. மனதார நன்றி. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் மட்டும் ஏழு கேக் வெட்டினோம். ஏழாவது கேக்கை ஒரு பிள்ளையும் தொடவில்லை. அதே மாதம் ரியூசன் காசுக்கு நான் சங்கிலியை அடகு வைத்தேன். (மீட்டுவிட்டேன், ஒருவரும் தொலைபேசி எடுத்து ஏச வேண்டாம்.)

லண்டனில் இருந்து ஒரு தம்பி தன் அம்மாவின் ஆண்டு நினைவுக்கு வந்திருந்தார். பதாகை, வீடியோக்காரர், எல்லாம் ஆயத்தம். சிஸ்டர் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்து வீடியோக்காரரை அனுப்பிவிட்டார். பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டார், தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். பெரிய பிள்ளைகள் அவரோடு கிரிக்கெட் பற்றி வாதாடினார்கள். படம் எடுக்கிற எந்தச் சாப்பாட்டிலும் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. ரியூசன் காசை இந்த வருடம் முழுக்க அவர்தான் கட்டுகிறார்.

இதில் எனக்குச் சொந்தக் கதையும் உண்டு. 1995 ஒக்டோபர் 30, போர் நெருங்க யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்து நகர்ந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவகச்சேரியில் ஒரு கோயில் வளவில் சோறும் பருப்பும் கொடுத்தார்கள். அப்போது நான் படிப்பிக்கிற ரீச்சர். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன் என்னிடம் படித்த பெடியன். இருவரும் ஒருவரை ஒருவர் காணாததுபோல நின்றோம். சோறு போட்டவர் என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்த கோப்பை நீட்டி நிற்கிறதே, அவருக்கு நேரம் எங்கே? அவர் பார்க்காமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுகிறது. ஒளிவிழா மேடைக்கு அந்தப் பிள்ளையை ஏற்றியபோது இதை நான் எப்படி மறந்தேன் என்றுதான் விளங்கவில்லை.

பல்லுக் காட்ட வருகிற பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்காத வைத்தியருக்கும், சனிக்கிழமைகளில் கணக்குப் படிப்பிக்கிற தம்பிக்கும், ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு இரவு என்றும் பாராமல் வருகிற ஓட்டோக்கார அண்ணைக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் போடவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தாய் பிள்ளையின் காசை எடுத்து நுண்கடனுக்குக் கட்டிவிட்டார். நான் கொஞ்சம் கடுமையாகக் கதைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், பூட்டு. அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கின காசு அப்படியே இருக்கிறது, வேறு எதற்கும் எடுக்கவில்லை.

கடைசியாகப் பிடியரிசி. எங்கள் அம்மம்மா உலையில் அரிசி போட முதல் ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக ஒரு பானையில் போடுவா, மாத முடிவில் அது கோயிலுக்குப் போகும். போன தவக்காலத்தில் அந்தப் பழக்கத்தைத் திரும்பத் தொடங்கிப் பங்கில் நாற்பது வெற்றுப் பால்மா ரின் கொடுத்தோம். உயிர்த்த ஞாயிறுக்குத் திரும்பி வந்தது நாற்பத்தாறு. மிச்சம் ஆறும் ஒழுங்கையில் இருக்கிற சைவ வீடுகளில் இருந்து, கேட்காமலே வந்தவை. ஒன்றைத் திறக்கத் திருநீற்று மணம். இன்னொன்றில் அரிசிக்குள் சுருட்டி வைத்த ஆயிரம் ரூபாய்த் தாள். அந்த மாமிமாருக்கு எங்கள் அன்பு.

வருடக் கணக்கு கோயில் அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ரின்களைக் கழுவி வெயிலில் காயவைத்து இல்லத்து வாசலில் அடுக்கியிருக்கிறோம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மூடிகள் கட்டாயம் மாறிப் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கணக்கு எழுதும் ரீச்சர்,
யாழ்ப்பாணம்