கறுப்பினக் குடியேறிகளும் கணக்கில் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2030ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடியேறிகள் என்றாலே மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்தவர்கள் மட்டும்தான் என்ற எண்ணத்தை அது தருகிறது. சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா, ஹைத்தி, ஜமைக்கா நாடுகளிலிருந்து வந்த கறுப்பின மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் சின்னக் கூட்டம் அல்ல. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1980இல் சுமார் 8 லட்சம் பேர், 2019இல் 46 லட்சம் பேர்.

2020 கணக்கெடுப்பு முடிந்தபின் அரசே ஒரு சரிபார்ப்பு நடத்தியது. கறுப்பின மக்கள் 3.3 விழுக்காடு குறைவாகவும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேராத வெள்ளையர் 1.64 விழுக்காடு கூடுதலாகவும் எண்ணப்பட்டிருந்தது அதில் தெரிந்தது. நியூயார்க்கும் மினசோட்டாவும் மொத்தத்தில் மிகையாக எண்ணப்பட்ட மாநிலங்கள்தானே, அங்கே என்ன குறை என்று சிலர் கேட்கிறார்கள். மாநிலத்தின் மொத்தம் கூடியிருக்கும்போதே ஒரு தெரு விடுபட்டுப் போகலாம். கறுப்பினக் குடியேறிகள் நிறைய வாழும், நியூயார்க் நகரத்தில் புரூக்ளினின் ஃபிளாட்புஷ், மினசோட்டாவில் மினியாபொலிஸின் சீடர்-ரிவர்சைடு போன்ற பகுதிகளில் எத்தனை வகுப்பறை, எத்தனை மருத்துவ மையம் வேண்டும் என்று திட்டமிட மாநில மொத்தம் உதவாது, அந்தந்தப் பகுதியின் எண்ணிக்கைதான் வேண்டும். ஒருமுறை தவறினால் அப்புறம் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

ஏன் விடுபடுகிறார்கள்? வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பேர் இருக்கும், வீட்டில் ஏழு பேர் இருப்பார்கள். புதிதாக வந்து இறங்கிய சித்தப்பா மகன், பாட்டியிடம் வளரும் கைக்குழந்தை இவர்களையும் எழுத வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவார்கள். அதைவிடப் பெரிய பயம் குடியேற்ற அதிகாரிகள்மீது. 2018இல் குடியுரிமைக் கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. கேள்வி போய்விட்டது, பயம் போகவில்லை. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், சட்டவிரோதமாக இருப்பவர்களை எண்ண மாட்டோம் என்று மீண்டும் கிளப்பினார். 1787 அரசியல் சாசனம் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. அதைத் துடைத்துவிட்டு, மாநிலத்தில் வாழும் எல்லா மனிதர்களையும் முழுதாக எண்ணச் சொன்னது 1868இல் வந்த 14ஆவது திருத்தம். அந்த வாசகத்தின் பாதுகாப்பு கறுப்பினக் குடியேறிகளுக்கும் உண்டு என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டிய நேரம் இது.

வெறுமனே "பயப்படாதீர்கள்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்கெடுப்பில் தந்த விவரத்தை வீட்டு உரிமையாளருக்கோ காவல்துறைக்கோ குடியேற்றத் துறைக்கோ தரக்கூடாது என்று இன்றைய சட்டம் சொல்கிறது. மீறும் ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். இதைச் சொல்லும்போதே, இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் காப்பு விலக்கப்பட்டு, ஜப்பானிய அமெரிக்கர்களின் விவரங்கள் வெளியே போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடந்ததை ஒளித்துவிட்டு நம்பிக்கை கேட்பது நியாயமில்லை. காப்பு மறுபடி தளராதபடி நாடாளுமன்றம் வாக்குறுதி தர வேண்டும்.

மொழி விஷயத்திலும் குறை இருக்கிறது. 2020இல் ஹைத்தி கிரியோல் மொழியில் இணையத்திலும் தொலைபேசியிலும் பதில் தர முடிந்தது. சோமாலி, அம்ஹாரிக், இக்போ பேசுவோருக்கு, தமிழர்களான நமக்குக் கிடைத்ததுபோலவே, படிவத்தை நிரப்ப உதவும் வழிகாட்டிக் குறிப்புகள் மட்டும்தான். பாட்டிமார் இருக்கும் வீட்டில் அது போதாது. மசூதியிலும் தேவாலயத்திலும் முடிவெட்டும் கடையிலும் அந்தந்த மொழியில் பேசக்கூடிய, அந்தத் தெருவிலேயே வாழ்கிற ஆட்களை வேலைக்கு எடுக்க வேண்டும், அதுவும் கடைசி மாதத்தில் இல்லாமல் இரண்டு வருடம் முன்பே.

இனம் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்பது என்று 2024இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த புதிய விதிமுறை, கறுப்பினம் என்ற தலைப்பின்கீழ் நைஜீரியர், ஹைத்தியர், எத்தியோப்பியர், சோமாலியர் என்று தனிக் கட்டங்கள் தருகிறது. அந்தக் கட்டங்கள் நிரம்புவது இந்த வேலையைப் பொறுத்தே இருக்கிறது. உங்கள் அடுத்த கட்டுரை அவர்களைப் பற்றியும் பேசட்டும். அக்கம்பக்கத்தில் சோமாலிய, ஹைத்தியக் குடும்பங்கள் இருக்கும் வாசகர்கள் கைக்குழந்தையையும் எழுதச் சொல்லி இப்போதே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மினசோட்டா